மெஷின்தான் படிக்கும்

அன்று மதியம் அந்த மாடி அறையில் இருந்தவர்கள்:

சூப்பர்வைசர் சுசித்ரா.

டைப் அடிக்கும் ஜாஸ்மின்.

ஊர் ஊராகப் போய்த் தாள் வாங்கி வரும் முருகேஷ்.

ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர்.

இண்டூர்க்காரர்கள் அறுபது பேர், தாளில்.

கடைசியாகச் சொன்ன அறுபது பேரில் ஒருவர்தான் முதலில் பேசினார்.

சுசித்ரா கட்டின் மேலே இருந்த தாளை எடுத்து ஸ்கேனரில் வைத்தாள். வெளிச்சம் ஒரு முறை போய் வந்தது. திரையில் நான்கு வரிகள் விழுந்தன.

‘அவர் இன்ஜினியர் இல்லை.

கடைசி வருஷப் பரீட்சை எழுதவே இல்லை.

எனக்குத் தெரியும்.

கேட்டால் முகம் செத்துப்போகும் என்று கேட்பதில்லை.’

முருகேஷ் கையில் டீ இருந்தது. அதைக் குடிப்பதா, கீழே வைப்பதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

"முருகேஷ், இங்க வந்து பாருங்க," என்றாள் சுசித்ரா. "ஒரு எழுத்துகூடத் தப்பில்ல."

ஆறு மாதமாக அந்தக் கம்ப்யூட்டருக்குக் கையால் எழுதிய தமிழைப் படிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அது துணைக்காலை ர என்று படிக்கும். கொம்பைக் கண்டால் திகைத்து நிற்கும். ‘கோழி’ என்று எழுதினால் மூன்று துண்டாக்கி, மூன்றையும் வேறெதுவோ என்று சொல்லும். அதைத் திருத்த ஆயிரம் பேருடைய கையெழுத்து வேண்டும் என்றது கம்பெனி. ஆளுக்கு ஒரு தாள். மேலே கட்டங்களில் எழுத்துகள். கீழே ‘உங்கள் விருப்பப்படி நான்கு வரிகள் எழுதவும்’. பெயர் கிடையாது. வயது, ஆணா பெண்ணா, எழுதுவது எந்தக் கை. அவ்வளவுதான்.

ஆறு மாதத்தில் அது பிழையில்லாமல் படித்த முதல் நான்கு வரிகள் இவை.

"யாருண்ணா அந்த அவரு?" என்றாள் ஜாஸ்மின்.

"எனக்கெப்படிம்மா தெரியும். ஊர்ல ஆயிரம் பேரு இருக்கறாங்க."

"பாவம்."

"யாரு, எழுதினவங்களா?"

"இல்லண்ணா. அவரு."

சுசித்ரா அந்தத் தாளையே எடுத்துத் தண்ணீர்க் கேனுக்கு மேலே சுவரில் ஒட்டினாள். இந்த ஆபீசின் முதல் வெற்றி, எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்றாள். அடுத்த தாளை எடுக்கக் கை நீட்டினாள். அதற்குள் முருகேஷ் கட்டைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டான்.

"மேடம், கட்டமெல்லாம் சரியா நெரப்பியிருக்க மாட்டாங்க. நான் வூட்டுக்குக் கொண்டுபோயி பாத்து எடுத்தாறேன்."

"ஸ்கேன் பண்ணிட்டுப் பாக்கலாமே."

"இல்லீங்க மேடம். பாத்துட்டு ஸ்கேன் பண்ணிக்கலாம்."

வேலையில் இவ்வளவு அக்கறையை அவனிடம் அவள் பார்த்ததில்லை. சரி என்றாள்.

ஆபீசில் அவன் ப்ளஸ் டூ. சேரும்போது அந்தச் சான்றிதழைத்தான் கொடுத்திருந்தான். ஊரில் அவன் இன்ஜினியர். தர்மபுரியிலிருந்து இண்டூருக்குப் பஸ்ஸில் போகிற நேரத்தில் தினமும் பட்டம் வாங்கிவிடுவான். காலையில் திரும்பி வரும்போது அது போய்விடும். காலேஜில் கடைசி வருஷம் பரீட்சை அறை வாசல் வரை போய்த் திரும்பி வந்தவன் அவன். பிறகு பெங்களூரில் இரவு வேலை. விடிய விடியப் படங்களைப் பார்த்து இது பஸ், இது மரம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற வேலை. அதையும் பாதியில் விட்டான். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் பி.இ. என்று அச்சடித்தார்கள். அவன் அடிக்கச் சொல்லவில்லை. அடிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கல்யாணம் ஆகி ஐந்து வருஷம் ஆகிறது. மனைவி பாரதிக்கும் தெரியாது, மாமனாருக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. அவன் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

பஸ் ஸ்டாண்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தான்.

இரண்டாவது தாள்: அவர் இன்ஜினியர் இல்லை. மூன்றாவது தாள்: அவர் இன்ஜினியர் இல்லை. நான்காவது ஆளின் கை நடுங்கியிருந்தது. ஆனாலும் இன்ஜினியர் இல்லை. ஏழாவது தாளில் ஒரு பெண் தன் எருமை கன்று போட்டிருப்பதை எழுதியிருந்தாள். அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. எட்டாவது தாளில் மறுபடியும் கடைசி வருஷப் பரீட்சை வந்துவிட்டது. சிலர் இரண்டு வரியோடு நிறுத்தியிருந்தார்கள். ஒருவர் ‘எனக்குத் தெரியும்’ என்று மட்டும் எழுதிக் கீழே கோடு போட்டிருந்தார். அந்தக் கோடு மிக நேராக இருந்தது.

எண்ணிப் பார்த்தான். நாற்பத்திரண்டு. சுவரில் இருப்பதோடு நாற்பத்து மூன்று.

ஊரே கூடிப் பேசி எழுதியிருக்கிறது. வாங்க இன்ஜினியரே என்று கூப்பிட்ட வாய்களெல்லாம் நினைவுக்கு வந்தன. அதில் எந்த வாயாவது ஓரத்தில் கொஞ்சம் கோணியிருந்ததா என்று யோசித்தான். இப்போது யோசித்தால் எல்லாமே கோணியிருந்தன. அதிலும் ‘அவர்’ என்று மரியாதையாக எழுதியிருந்ததுதான் அதிகம் சுட்டது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். முகம் செத்துப்போகும் என்று ஊரே சேர்ந்து பரிதாபப்பட்டால் ஒருவன் என்ன செய்வது?

தப்பு அவனுடையதுதான். யாரும் எழுத வரவில்லை என்பதால், கேட்டவர்களிடமெல்லாம் ஒரே வசனத்தைச் சொல்லியிருந்தான். "மனசுல என்ன இருந்தாலும் எழுதுங்க. மனுசங்க யாரும் படிக்கமாட்டாங்க. மெஷின்தான் படிக்கும்." வீட்டிலும் அதைத்தான் சொன்னான், டீக்கடையிலும் அதைத்தான் சொன்னான். மறுநாள் காலையில் வீட்டிலிருந்த கட்டைக் கொண்டுபோய்ப் பால் சொசைட்டியில் வைத்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். இரண்டு நாள் கழித்துப் போனால் அறுபதும் தயாராக இருந்தது. அன்றைக்கு அதைத் தன் செல்வாக்கு என்று நினைத்தான்.

சொல்லியிருக்கக்கூடிய ஆள் ஒருவன்தான். பென்னாகரத்து மாதவராஜ், காலேஜில் அவனோடு படித்தவன். அங்கேயே உட்கார்ந்தபடி போன் போட்டான்.

"எங்க ஊர்ல யார்கிட்டயாவது என்னப் பத்திச் சொன்னியாடா?"

"என்ன சொல்றதுக்கு?"

"கடைசி வருசம்."

"பைத்தியமாடா உனக்கு. உன்னப் பத்திச் சொன்னா என்னப் பத்தியும் கேப்பாங்க. எனக்கு இன்னும் நாலு பேப்பர் நிக்குது."

"நீ பாஸ்னு ஸ்வீட் குடுத்தியே."

"ஸ்வீட்டு குடுக்க மார்க் ஷீட்டா கேக்கறாங்க?"

அவன் இல்லை என்றால் வேறு யார்? யாராக இருந்தால் என்ன, நாற்பத்து மூன்று பேருக்குத் தெரிந்த பிறகு முதல் ஆளைத் தேடி என்ன ஆகப்போகிறது? தாள்களை ஒழித்துவிட வேண்டும். அவ்வளவுதான் இப்போதைக்கு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் பாய் போட்டு, நாற்பத்திரண்டு வெற்றுத் தாள்களோடு உட்கார்ந்தான். பத்துத் தாள் வலது கையில். பத்து இடது கையில். பிறகு சுவரில் வைத்து, முட்டியில் வைத்து, நின்றுகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. எழுபது வயதுக்காரருக்காகக் கையை நடுங்கவிட்டு எழுதினான். பன்னிரண்டு தாளுக்குப் பிறகு கை தானாகவே நடுங்கியது. நான்கு வரிக்கு, ‘எங்கள் ஊர் நல்ல ஊர். மக்கள் நல்ல மக்கள்’ என்பதை மாற்றி மாற்றிப் போட்டான்.

பாரதி களி கிண்டிவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க எழுதறீங்க காலைல இருந்து?"

"ஆபீஸ் வேல. ஒரு டெஸ்டு."

"வெரலெல்லாம் செவந்து போச்சுங்களே. நான் வேணா ஒரு பத்து எழுதித் தரட்டுங்களா? வேற கையும் ஆச்சு."

"உனக்குப் புரியாது பாரதி. இதெல்லாம் இன்ஜினியரிங் சமாசாரம்."

"சரிங்க," என்றாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அவன் எழுதுவதை நிறுத்தினான்.

"பாரதி. ஊர்ல என்னப் பத்தி ஏதாச்சும் பேசிக்கறாங்களா?"

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"இன்ஜினியர் வூடுன்னுதான் சொல்றாங்க. ஏங்க?"

"ஒண்ணுமில்ல."

இவளுக்கு இன்னும் தெரியாது என்று நினைத்தபோது நெஞ்சு லேசானது. அப்படி லேசானதற்காகத் தன்மேல் வெறுப்பும் வந்தது. மிச்சத் தாள்களை எழுதி முடித்தான். பழைய தாள்களை ராகி மூட்டைக்குப் பின்னால் திணித்தான்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு சுசித்ரா அவனைக் கூப்பிட்டாள். ஒரே ஆள் இரண்டு தாள் எழுதி ஏமாற்றினால் கண்டுபிடிக்க அந்தக் கம்ப்யூட்டரில் இன்னொரு புரோகிராம் இருந்தது. படிப்பதில் மந்தமாக இருந்த கம்ப்யூட்டர் இதில் கெட்டி.

"முருகேஷ், நாப்பத்திரண்டு தாள் ஒரே கைன்னு காட்டுது."

"இடது கை, வலது கைன்னு தாள்லயே போட்டிருக்குங்களே மேடம்."

"கையி எதுவா இருந்தாலும் ஆளு ஒருத்தர்னு காட்டுது."

ஜாஸ்மின் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டாள். முருகேஷ் தண்ணீர்க் கேன் பக்கம் பார்த்தான். சுவரில் இருந்த தாள் எனக்குத் தெரியும் என்றது.

"எங்க ஊர்ல எல்லாருக்கும் ஒரே வாத்தியாருங்க மேடம்."

"என்னது?"

"எழுத்து கோணினா முட்டிக்கு முட்டி அடிப்பாரு. எல்லாரும் அவரு கையெழுத்துதான் எழுதுவோம். எழுதிப் பழகிட்டோம்."

"பதினேழு வயசுப் பொண்ணுல இருந்து எழுவது வயசு தாத்தா வரைக்குமா?"

"ரொம்ப வருசம் இருந்தாரு."

சுசித்ரா அவனைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். அவள் நம்பியிருக்கவே கூடாது. ஆனால் அவள் ஆறு மாதமாகச் சென்னைத் தலைமை ஆபீசுக்குச் சொல்ல ஒரு நல்ல செய்திக்காகக் காத்திருந்தவள்.

"ஒரு ஊரு முழுக்க ஒரே கையெழுத்து," என்றாள் மெதுவாக. "முருகேஷ், இது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியல."

"சின்ன விஷயந்தாங்க மேடம்."

"சென்னைல இருந்து சார் நாளைக்கு சேலம் வர்றாரு. அப்படியே இண்டூருக்குக் கூட்டிட்டு வந்துடறேன். ஊர்ல எல்லாரையும் பாத்துப் பேசலாம். உங்க வூட்டுக்கும் வர்றோம். எங்க கம்பெனில தாள் வாங்கற பையன் இவன், இவனாலதான் இது கெடைச்சுதுன்னு ஊருக்கு முன்னாடி சொல்லணும்."

தாள் வாங்குகிற பையன் என்பதை ஊருக்கு முன்னால், மாமனார் இருக்கும்போது, பாரதி காபி கொண்டுவரும்போது சொல்வார்கள்.

"வேணாங்க மேடம். வாத்தியார் செத்துட்டாரு."

"கையெழுத்து சாகலயே."

கடைசியில் உண்மையில் பாதியைச் சொன்னான். தாள்கள் கெட்டுவிட்டன, பயந்துபோய்த் தானே எழுதிவிட்டான், வாத்தியார் என்று யாரும் இல்லை, மன்னிக்க வேண்டும். ஜாஸ்மின் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் இன்னும் நன்றாகக் குனிந்தான்.

"நாளைக்குக் காலைல அந்த நாப்பத்திரண்டு பேர் கையாலயும் புதுசா எழுதின தாள் இந்த மேசைல இருக்கணும். இல்லன்னா நான் சாரைக் கூட்டிட்டு இண்டூர்தான் வருவேன். எதுக்கு வருவேன்னு உங்களுக்கே தெரியும்."

மாலை ஐந்து மணிக்குப் பால் சொசைட்டியில் ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். செயலாளர் முனியப்பன் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார். வரிசையின் நடுவில் முருகேஷின் பக்கத்து வீட்டு நஞ்சம்மாள் தூக்குப் போசியில் பாலோடு நின்றாள்.

"வாங்க இன்ஜினியரே," என்றார் முனியப்பன்.

அந்த வார்த்தையில் இருந்த மரியாதை அவனுக்கு இப்போது அறைந்த மாதிரி இருந்தது. இவர்களிடம் திரும்பத் தாளைக் கொடுத்தால், திரும்பவும் அதையேதான் எழுதுவார்கள். வேறு எழுதுங்கள் என்று கேட்க வேண்டும். கேட்பதற்கு முன்னால் இதைச் சொல்லி முடித்துவிட வேண்டும். எல்லோருக்கும் தெரிந்ததைத்தானே சொல்லப்போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"நீங்க எல்லாரும் எழுதினத நான் படிச்சேங்க," என்றான்.

வரிசை திரும்பிப் பார்த்தது.

"நெசந்தாங்க. நான் இன்ஜினியர் இல்ல. கடைசி வருசம் பரிட்சைக்குப் போனேன், வாசல் வரைக்கும். உள்ள போகல. பெங்களூர்ல பாத்ததும் இன்ஜினியர் வேல இல்ல. இப்பப் பாக்கறது இந்தத் தாள் வாங்கற வேலதான். இத்தன வருசம் தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தீங்க. மூஞ்சிக்கு நேரா ஒருத்தரும் கேக்கல. அதுக்கு நான் என்ன சொல்றதுன்னு தெரியல. இந்தத் தாளுல மட்டும் வேற ஏதாச்சும் எழுதிக் குடுத்துடுங்க. உங்க காலுல வுழறேன்."

முனியப்பன் கையிலிருந்த குவளை நிரம்பி, அவர் முழங்கை வழியாகப் பால் ஒழுகியது.

"நீ இன்ஜினியர் இல்லியா?" என்றார் அவர்.

முருகேஷ் அவரைப் பார்த்தான்.

"உன் பேச்சக் கேட்டுத்தானய்யா எம் பையன கம்ப்யூட்டர்ல சேத்துவுட்டேன்," என்றார் வரிசையில் இருந்த ஒருவர்.

"எங்க வூட்டு டிவியப் பிரிச்சுப் போட்டுட்டு, போர்டு போயிடுச்சுன்னியே," என்றாள் இன்னொருத்தி.

"நீங்கதான எழுதினீங்க," என்றான் முருகேஷ். "அவர் இன்ஜினியர் இல்லன்னு, நாப்பது பேருக்கு மேல."

முனியப்பன் குவளையைக் கீழே வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அதா. எங்களுக்கு என்னாத்த எழுதறதுன்னு தெரியலப்பா. நீ பாட்டுக்குக் கட்ட வச்சிட்டுப் போயிட்ட. மேல ஒரு தாளு எழுதியே இருந்துச்சு. மாதிரின்னு நெனச்சோம். கலெக்டர் ஆபீஸ்ல மனுவுக்கு மாதிரி ஒட்டி வச்சிருப்பாங்கல்ல, அந்த மாரி. ஒருத்தர் பாத்து எழுத, அவரப் பாத்து இன்னொருத்தர் எழுத, அப்படியே போயிடுச்சு. அவருன்னா எவருன்னு யாரு கண்டா. எழுத்துதான வேணும்ன."

"யாருக்குமே தெரியாதா?"

"இப்பத் தெரிஞ்சு போச்சு," என்றார் முனியப்பன். அவர் கேலி செய்யவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

தாள்களை வாங்கிக்கொண்டார்கள். இந்த முறை மாதிரி தேவைப்படவில்லை. எழுத எல்லோருக்கும் விஷயம் கிடைத்திருந்தது. சிலர் போசியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே குனிந்து எழுத ஆரம்பித்தார்கள். அவன் பார்க்காமல் வெளியே வந்து தெருவில் நடந்தான்.

நஞ்சம்மாள் பின்னாலேயே வந்தாள். இரண்டு வீடுகளுக்கும் ஒரே வழி. சொசைட்டியில் அவன் சொன்னது அவனுக்கு முன்னால் தெருவுக்கு வந்திருந்தது. வாசல்களில் பேச்சு நின்றது. டீக்கடையில் ஒருவர் எழுந்து வணக்கம் வைக்கப்போய்ப் பாதியில் தலையைச் சொறிந்துகொண்டார். வீட்டில் போய் என்ன சொல்வது என்று அவன் வரிகளை அடுக்கிக்கொண்டே போனான். ஊர் சொல்லிப் பாரதிக்குத் தெரிவதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும். ஐந்து வருஷம் ஒன்றும் தெரியாமல் இருந்தவள், எப்படித் தாங்குவாள்?

வாசலில் பாரதி நின்றிருந்தாள். அவன் செருப்பைக் கழற்றினான். பக்கத்து வாசலில் நஞ்சம்மாள் போசியை இடுப்பில் மாற்றிக்கொண்டு நின்றாள்.

"அக்கா," என்றான் அவன், கடைசியாக ஒரு முறை தள்ளிப்போட. "அந்த மேல் தாளு. அத யாரு எழுதுனதுன்னு தெரியுங்களா?"

"மகளிர் குழு நோட்டு பூரா வாரா வாரம் பாக்கற கையி, எனக்குத் தெரியாதா," என்றாள் நஞ்சம்மாள். "உம் பொண்டாட்டி எழுதுனதுதான்."

பாரதி விலகி வழிவிட்டாள். அவன் உள்ளே போனதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.